ஆள் குறைந்த நிலம் ஆளில்லா நிலமா? நோர்வேயின் கௌட்டொகெயினோ பற்றி வன்னியிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி
எழுதியவர்: நெடுங்கேணி ஆசிரியை

வவுனியா வடக்கில், நெடுங்கேணிச் சந்தியிலிருந்து உள்ளே போகும் ஒரு காட்டுப் பாதையின் முடிவில் உள்ள சிறிய பாடசாலையில் நான் புவியியல் கற்பிக்கிறேன். எங்களிடம் இப்பொழுது படிப்பவர்கள் 37 பிள்ளைகள். தொகை குறைந்த பாடசாலைகளை மூடிப் பிள்ளைகளைப் பெரிய பாடசாலைகளுடன் இணைத்துவிடலாம் என்ற பேச்சு ஆண்டுக்கு ஒரு தடவையாவது எழும். எழும்போதெல்லாம் இரண்டொரு குடும்பங்கள் பிள்ளையின் படிப்பை நினைத்து நகரப் பக்கம் போய்விடும். அவர்கள் போனதால் தொகை இன்னும் குறையும்.

கடந்த ஆண்டு வேறொன்றும் நடந்தது. எங்கள் அப்பு காலத்தில் மாட்டுப் பட்டி இருந்த வெளியில் ஒரு திணைக்களத்தினர் வந்து எல்லைக்கல் நாட்டிவிட்டுப் போனார்கள். ஊரவர்கள் கேட்டபோது, இங்கே ஆட்கள் இருந்ததற்கு என்ன அடையாளம் இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு அன்று எங்கள் ஒருவரிடமும் விடை இருக்கவில்லை என்பது இன்றுவரை என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது.

துருவப் பகுதி மக்களின் வாழ்க்கை பற்றிப் பாடம் ஆயத்தம் செய்தபோது நோர்வேயின் வடக்கே பின்மார்க் பகுதியில் இருக்கும் கௌட்டொகெயினோ என்ற உள்ளூராட்சிப் பிரிவைப் பற்றி வாசித்தேன். அதன் பரப்பளவு 9,700 சதுரக் கிலோமீற்றருக்கும் சிறிது அதிகம். நமது முல்லைத்தீவு மாவட்டத்தை மூன்று தடவை அதற்குள் வைத்தாலும் இடம் மிஞ்சும். ஆனால் அங்கே வாழும் மக்கள் 3,000 பேர்கூட இல்லை. அவர்களில் மிகப் பெரும்பாலானோர் சாமி என்ற பழங்குடி இனத்தவர்கள். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஏறத்தாழ 92,000 பேர் இருந்தார்கள். இலங்கையில் மக்கள் அடர்த்தி மிகக் குறைந்த மாவட்டம் என்று நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். அந்த அடர்த்தியையே குறைவு என்று சொல்லும் நமக்கு, மூன்று சதுரக் கிலோமீற்றருக்கு ஒருவர் என்ற கணக்கில் வாழும் மக்கள் பாடசாலையையும் சபையையும் மொழியையும் எவ்வாறு வைத்திருக்கிறார்கள் என்பது விளங்கவில்லை. அது சாமி மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பிரதேசமா? வேலியும் இல்லாமல் உறுதியும் இல்லாமல் துருவமான் மேய்ச்சலுக்குப் பயன்படுத்திய நிலம் தங்களுடையது என்பதை அவர்கள் எவ்வாறு நிறுவினார்கள்? நோர்வேயில் வாழும் உறவுகள் இங்கே பலர் இருப்பதால் கேட்கிறேன். அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் பிள்ளைகளுக்கும் பயன்படும், ஊருக்கும் பயன்படும்.


மறுமொழி
எழுதியவர்: முன்னாள் பின்மார்க் வாசி

அன்புள்ள ரீச்சர்,

நான் ஒட்டுசுட்டானில் பிறந்தவன். 1980களின் கடைசியில் நோர்வேக்கு வந்து, அக்காலத்தில் வந்த பல தமிழர்களைப் போலவே, பின்மார்க் கரையோரத்தில் ஒரு மீன் தொழிற்சாலையில் பதினொரு ஆண்டுகள் வேலை செய்தேன். கௌட்டொகெயினோ கரையோரத்தில் இல்லை. அல்டா நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 130 கிலோமீற்றர் உள்ளே, மேட்டுநிலத்தில் இருக்கிறது. அங்கே நான் வாழ்ந்ததில்லை. நான்கைந்து தடவை போய்த் தங்கியிருக்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். அது சாமி மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பிரதேசமன்று. நோர்வேயில் 'கொம்மூன' என்று சொல்லப்படும் சாதாரண உள்ளூராட்சிச் சபைகளுள் ஒன்று. பரப்பளவில் அவற்றுள் மிகப் பெரியது. அங்கே வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் வீட்டில் சாமி மொழி பேசுகிறார்கள் என்பதாலேயே பாடசாலையும் சபை அலுவலகமும் கடையும் அந்த மொழியில் இயங்குகின்றன. அவர்கள் தமது ஊரை அழைக்கும் பெயர் 'குவொவ்தகெயட்னு'. பாதி வழி என்பது அதன் பொருள் என்று எனக்குச் சொன்னார்கள். 1987இல் அந்தப் பெயர் சபையின் அதிகாரபூர்வப் பெயராகவும் ஏற்கப்பட்டது. நோர்வேயில் சாமி மொழிப் பெயரை அவ்வாறு பெற்ற முதலாவது சபை அதுவே. மணலாறு என்ற தமிழ்ப் பெயர் 1988இல் வர்த்தமானியில் வெலிஓயா என்ற சிங்களப் பெயர் ஆனதைக் கண்ட நமக்கு, அதற்கு ஓராண்டு முன்பு உலகின் இன்னொரு மூலையில் ஒரு பெயர் எதிர்த் திசையில் பயணம் செய்திருக்கிறது என்பது சிறிய செய்தியன்று.

சபை எவ்வாறு நடக்கிறது என்று கேட்டீர்கள். நமது பிரதேச சபைகளின் வேலை உள்ளூர் வீதி, சந்தை, கழிவகற்றல், நூலகம், மயானம் என்ற அளவோடு நிற்கிறது. அங்கே பத்தாம் வகுப்பு வரையிலான பாடசாலைகள், குடும்ப வைத்தியர், முதியோர் பராமரிப்பு, முன்பள்ளி, காணிப் பயன்பாட்டுத் திட்டம் ஆகிய யாவும் சபையின் பொறுப்பு. இவற்றை 3,000 பேரின் வரிப்பணத்தால் நடத்த முடியாது என்பது அரசுக்கும் தெரியும். ஆகவே நாட்டின் எல்லாச் சபைகளுக்கும் பணத்தைப் பகிரும்போது தூரத்தையும் மக்கள் சிதறி வாழ்வதையும் ஒரு செலவாகக் கணக்கில் எடுக்கிறார்கள். ஆள் குறைவு என்ற அதே உண்மையை நம் ஊரில் சேவையை நிறுத்துவதற்குக் காரணமாகச் சொல்கிறோம். அங்கே அதை ஒருவருக்குச் சேவை கொண்டுசேர்க்கக் கூடுதல் பணம் வேண்டும் என்பதற்குக் காரணமாகச் சொல்கிறார்கள். இதற்கு மேலதிகமாக, 1990 முதல் பின்மார்க்கிலும் அதற்கு அடுத்த வட துரொம்ஸ் பகுதியிலும் வாழ்பவர்களுக்கு வருமான வரி குறைவு. படிப்புக் கடன் பெற்ற ஒருவர் அங்கே வந்து வேலை செய்தால் அந்தக் கடனில் ஆண்டுதோறும் ஒரு பகுதி, ஓர் உச்சத் தொகைக்கு உட்பட்டு, தள்ளுபடி செய்யப்படுகிறது. வைத்தியரும் ஆசிரியரும் வடக்கே வர இது ஒரு காரணம்.

உங்கள் 37 பிள்ளைகளைப் பற்றி வாசித்தபோது எனக்கு நினைவு வந்தது 2024 வரை நடைமுறையில் இருந்த நோர்வேயின் 1998ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். சாமி மாவட்டங்கள் என்று வரையறுக்கப்பட்ட சபைகளில் எந்தப் பிள்ளைக்கும் சாமி மொழியில் கற்கும் உரிமை அதில் இருந்தது, எண்ணிக்கை கேட்கப்படவில்லை. அந்த மாவட்டங்களுக்கு வெளியே, ஒரு சபையில் 10 பிள்ளைகள் சாமி மொழியில் கற்க விரும்பினால் வகுப்புத் தொடங்க வேண்டியிருந்தது. தொடங்கிய பிறகு அந்தக் குழுவில் 6 பிள்ளைகள் இருக்கும் வரையில் உரிமை நீடித்தது. தொடங்குவதற்கு ஓர் எண், மூடுவதற்கு அதைவிடச் சிறிய இன்னோர் எண் என்று சட்டத்திலேயே எழுதிவைத்திருந்தார்கள். ஒரு குடும்பம் இடம்பெயர்ந்தால் வகுப்பே கலைந்துவிடும் என்ற பயம் பெற்றோருக்கு வராமல் இருப்பதற்கு அந்த இடைவெளி உதவியது. உங்கள் ஊரில் நடப்பது அந்தப் பயத்தின் விளைவுதான் என்று நினைக்கிறேன்.

அதைவிட முக்கியம் என்று நான் கருதுவது வேறொன்று. படித்த இளைஞர்கள் திரும்பி வருவதற்கு அந்த ஊரில் வேலை இருக்கிறது. சாமி உயர்கல்வி நிறுவனம் 1989இல் அங்கே தொடங்கப்பட்டது. துருவமான் வளர்ப்பையே ஒரு பாடநெறியாகக் கற்பிக்கும் உயர்தரப் பாடசாலை அங்கே இருக்கிறது. சாமி தேசிய நாடக அரங்கும் அங்கேதான். பக்கத்துச் சபையான கராஸ்யொக்கில் சாமி நாடாளுமன்றமும் சாமி மொழி வானொலி நிலையமும் இருக்கின்றன. இவற்றைத் தலைநகரில் வைத்திருந்தால் நிருவாகத்துக்கு வசதியாக இருந்திருக்கும். மேட்டுநிலத்துச் சிற்றூர்களில் வைத்ததனால்தான் ஒரு பெண் சாமி மொழியில் பட்டம் பெற்று, தன் தாயின் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் அந்த மொழியாலேயே சம்பளம் பெற முடிகிறது.

இவையெல்லாம் தானாக வந்தவை என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. 1898இல் வெளியான அரச அறிவுறுத்தல் பாடசாலைகளில் சாமி மொழியை ஏறத்தாழ முற்றாக விலக்கியது. 1902ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பின்மார்க்கில் அரச காணியை விலைக்குப் பெற வேண்டுமானால் நோர்வேஜிய மொழியைப் பேசவும் வாசிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். 1944 இலையுதிர் காலத்தில் பின்வாங்கிய ஜெர்மன் படைகள் பின்மார்க்கைக் கொளுத்திக்கொண்டே போயின. ஏறத்தாழ 50,000 பேர் வலிந்து வெளியேற்றப்பட்டார்கள். கௌட்டொகெயினோவின் பழைய தேவாலயமும் எரிந்தது. போருக்குப் பின்னர் அரசு எல்லோருக்கும் ஒரே மாதிரியான வீடுகளைக் கட்டிக்கொடுத்தது. வீடு கிடைத்தது நன்மைதான். ஆனால் கரையோரச் சாமி மக்கள் பலர் அந்தப் புதிய வீடுகளுக்குள் தமது உடையையும் மொழியையும் கொண்டுபோகவில்லை. 2010இல் தகரக் கொட்டிலுக்குத் திரும்பிய என் தமக்கையின் குடும்பத்தை நினைத்துக்கொண்டுதான் நான் அந்த வரலாற்றைப் படித்தேன்.

கௌட்டொகெயினோவில் நான் தங்கிய வீட்டுக்கார அம்மா, நான் தமிழன் என்று அறிந்ததும், உங்கள் ஊரில் பள்ளிக்கூடத்தில் எந்த மொழியில் படிப்பித்தார்கள் என்று கேட்டார். தமிழில் என்றேன். பல்கலைக்கழகம் போகும் வரைக்குமா என்று கேட்டார். ஆம் என்றேன். தாம் ஏழு வயதில் விடுதிப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டபோது ஆசிரியர் பேசிய ஒரு சொல்லும் தமக்கு விளங்கவில்லை என்றும், அதனால் தம் மூத்த பிள்ளைகளுடன் வேண்டுமென்றே நோர்வேஜிய மொழியில் பேசியதாகவும், கடைசிப் பிள்ளையுடன் மட்டும் சாமி மொழியில் பேசியதாகவும் சொன்னார். ஒரே வீட்டில் அக்காவுக்கும் தம்பிக்கும் தாய்மொழி வேறு.


மறுமொழி
எழுதியவர்: பட்டிக்காரர்

பிள்ளை, நான் ஒலுமடுப் பக்கத்தவன், வயது 71. நோர்வேயை நான் அறியேன். ஆனால் அந்த மான்கூட்டத்தைப் பற்றி எங்கள் பேரன் கணினியில் காட்டிய ஒரு படக்காட்சியைப் பார்த்தேன். பிறந்த குட்டியைத் தாயோடு ஓடவிட்டு, எந்தத் தாயின் பின்னால் போகிறது என்று பார்த்து, அந்தத் தாயின் உடைமைக்காரர் கத்தியால் குட்டியின் காதில் தமது வெட்டை இடுகிறார். ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு வெட்டு. சிறு பிள்ளைகளுக்கும் தனி வெட்டு உண்டாம். அதைப் பார்த்தபோது எங்கள் குறிசுடும் நாள் கண்முன் வந்தது. நாங்களும் கன்று எந்தப் பசுவின் மடிக்குப் போகிறது என்று பார்த்துத்தான் குறி சுடுவோம். எங்கள் குடும்பத்துக் குறியை இன்றும் மண்ணில் கீறிக் காட்டுவேன்.

நீங்கள் கேட்ட நிலத்தின் கதையைச் சொல்கிறேன். காலபோகம் விதைத்தவுடன் மாடுகள் வயலுக்குள் இறங்கக் கூடாது. ஆகவே ஐப்பசியில் பட்டியைச் சாய்த்துக்கொண்டு காட்டு வெளிகளுக்குப் போய்விடுவோம். மாசியில், பங்குனியில் அருவி வெட்டு முடிந்து தாள்வயல் கிடைத்ததும் திரும்புவோம். பட்டி ஒரே இடத்தில் இருப்பதில்லை. எருவும் சேறும் மிஞ்சினால் இடம் மாற்றுவோம். ஆகவே ஆறு மாதம் அந்த வெளியில் ஒருவரும் இல்லை என்பது உண்மை; மற்ற ஆறு மாதம் முந்நூறு மாடும் நாலைந்து ஆளும் அங்கே இருந்தோம் என்பதும் உண்மை. கல் நாட்டியவர்கள் வந்தது ஆவணி மாதமாக இருந்திருக்கும்.

இடப்பெயர்வில் குறிப் பதிவுத் துண்டுகளும் போயின, மாடுகளும் போயின. 2010இல் திரும்பி வந்தபோது காட்டுக்குள் குழுமாடாய் அலைந்தவற்றில் எங்கள் குறியுள்ள இரண்டைக் கண்டேன். பிடிக்க முடியவில்லை. ஆனால் அவை நின்ற இடம் எங்கள் பழைய பட்டி வெளிதான்.


மறுமொழி
எழுதியவர்: வவுனியா சட்ட மாணவர்

ஆசிரியையின் மூன்றாவது கேள்விக்கு முழுமையாக விடை சொல்ல முயல்கிறேன், ஏனெனில் இதில் மகிழ்ச்சியான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் நாம் ஏமாறுவோம்.

பட்டிக்கார ஐயா சொன்ன ஆவணி மாதம் என்பதுதான் பிரச்சினையின் வேர். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், இலங்கையில் காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் இருக்கும் காணி, மாறாக நிறுவப்படும் வரையில், முடிக்குரியது என்று அனுமானம் செய்தது. நிறுவும் சுமை மக்களின் தோளில் விழுந்தது. நோர்வேயிலும் அப்படித்தான். பின்மார்க்கின் காணி பழங்காலம் முதல் அரசுக்குரியது என்ற கருத்து 19ஆம் நூற்றாண்டுச் சட்டங்களிலேயே இருந்தது. துருவமான்கள் குளிர்காலத்தில் மேட்டுநிலத்திலும் கோடையில் கரையோரத்திலும் தீவுகளிலும் மேய்வதனால், எந்த அதிகாரி எந்தப் பருவத்தில் வந்தாலும் நிலத்தின் ஒரு பாதியை வெறுமையாகவே கண்டார். இரண்டு நாடுகளிலும் ஓரிடத்தில் நிலைத்துப் பயிர் செய்தவரின் உரிமையைச் சட்டம் எளிதில் கண்டது. நகர்ந்து மேய்த்தவரின் உரிமை அதன் கண்ணில் படவில்லை.

மாற்றம் ஒரு தோல்வியிலிருந்து தொடங்கியது. அல்டா - கௌட்டொகெயினோ ஆற்றை மறித்து மின்சாரத்துக்காக அணை கட்டும் முதற்திட்டத்தில் மாசே என்ற சாமிக் கிராமம் நீரில் மூழ்கியிருக்கும். எதிர்ப்பினால் திட்டம் சுருக்கப்பட்டது, ஆனால் கைவிடப்படவில்லை. 1979இல் சாமி இளைஞர்கள் ஒஸ்லோவில் நாடாளுமன்றத்துக்கு முன்னால் கூடாரமிட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். 1981 சனவரியில் பல நூறு பொலிசார் வந்து பனியில் தம்மைச் சங்கிலியால் பிணைத்திருந்தவர்களை அகற்றினார்கள். 1982இல் உயர் நீதிமன்றம் அரசுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1987இல் அணை இயங்கத் தொடங்கியது. வழக்கிலும் களத்திலும் தோற்றார்கள். ஆயினும் அந்தக் கொந்தளிப்பின் நடுவில் 1980இல் அமைக்கப்பட்ட சாமி உரிமைகள் ஆணைக்குழுவிலிருந்து 1987இன் சாமிச் சட்டம், 1988இன் அரசியலமைப்புத் திருத்தம், 1989 ஒக்டோபரில் மன்னர் ஐந்தாம் ஒலாவ் திறந்துவைத்த சாமி நாடாளுமன்றம் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1990இல் பழங்குடி மக்கள் தொடர்பான சர்வதேசத் தொழில் அமைப்பின் 169ஆம் இலக்கச் சமவாயத்தை உலகில் முதலாவதாக ஏற்ற நாடு நோர்வே. 2005இல் பின்மார்க் சட்டம் நிறைவேறியது.

அந்தச் சட்டம் பின்மார்க்கின் நிலத்தில் ஏறத்தாழ 95 வீதத்தை அரசிடமிருந்து எடுத்து, 'பின்மார்க் ஆதனம்' என்று சொல்லத்தக்க ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அதன் நிருவாக சபையில் மூவரைச் சாமி நாடாளுமன்றமும் மூவரை மாவட்ட சபையும் நியமிக்கின்றன. நம் ஊருக்கு மிகப் பயன்படும் என்று நான் நினைப்பது அந்தச் சட்டம் உரிமைகளை வளையம் வளையமாக வகுத்த முறை. அந்தந்தச் சபைக்குள் குடியிருப்பவருக்கு ஒரு தொகுதி உரிமைகள்: விறகுக்கு இலையுதிர் மரம் வெட்டுவது, வேலிக்கட்டை எடுப்பது, பறவை முட்டை சேர்ப்பது முதலியன. மாவட்டத்தவர் எல்லோருக்கும் பெரிய விலங்கு வேட்டை, கைவினைக்கு மரம், சதுப்புநிலத்தில் விளையும் மஞ்சட் பழம் ஆகியன. வெளியிலிருந்து வருபவருக்கும் சிறு வேட்டை, தூண்டில் மீன்பிடி, வீட்டுத் தேவைக்குப் பழம் பறிப்பது ஆகியன உண்டு. இந்த உரிமைகள் இனத்தைப் பார்த்து வகுக்கப்படவில்லை. எங்கே வாழ்கிறீர்கள் என்பதைப் பார்த்து வகுக்கப்பட்டன. சாமி மக்களிலேயே துருவமான் வளர்ப்பவர்கள் பத்தில் ஒரு பங்கினர்தான் என்பதனால், மற்றவர்களின் மீனையும் விறகையும் பழத்தையும் இவ்வாறு எழுத வேண்டியிருந்தது. நம்மிடம் காட்டுக்குள் பாலைப்பழம் பொறுக்கப் போகும் பெண்ணும் லொறியோடு முதிரை ஏற்ற வருபவரும் சட்டத்தின் முன் ஒரே வகையினராக நிற்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு என்று ஒரு வளையம் நமது காட்டுச் சட்டத்தில் வரையப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி மறுபாதி. பின்மார்க் சட்டம், நீண்டகாலப் பயன்பாட்டினால் மக்கள் ஏற்கனவே பெற்றுவிட்ட உரிமைகள் எவை என்று ஊர் ஊராக விசாரித்து அறிய ஓர் ஆணைக்குழுவையும் தனி நீதிமன்றத்தையும் ஏற்படுத்தியது. கராஸ்யொக் மக்கள் தமது சபையின் வெளிநிலம் தங்களுக்குக் கூட்டாகச் சொந்தமானது என்று கோரினார்கள். 2023இல் அந்தத் தனி நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2024 மே 31ஆம் திகதி உயர் நீதிமன்றம் அதை மாற்றி, நிலத்தின் உரிமையாளர் பின்மார்க் ஆதனமே என்று தீர்ப்பளித்தது. தெற்கே போசென் என்ற இடத்தில், காற்றாலைகளுக்கு வழங்கிய அனுமதி சாமி மேய்ப்பர்களின் பண்பாட்டு உரிமையை மீறியது என்று 2021 ஒக்டோபரில் அதே உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும் காற்றாலைகள் சுழன்றுகொண்டே இருந்தன. 2023இல் சாமி இளைஞர்கள் மீண்டும் ஒஸ்லோவுக்கு வந்து அமைச்சு அலுவலகத்தை மறிக்க வேண்டியிருந்தது. நல்ல சட்டமும் செல்வம் மிக்க அரசும் இருக்கும் இடத்திலேயே நிலைமை இது.

ஆகவே ஆசிரியைக்கு நான் சொல்லக்கூடியது, நோர்வேயின் சட்டத்தை நம்மால் இறக்குமதி செய்ய முடியாது. ஆனால் அங்கே ஊர்மக்கள் ஆணைக்குழுவின் முன் கொண்டுபோன சான்றுகளின் வகையை நம்மால் பின்பற்ற முடியும். காணி உறுதி அவர்களிடமும் இருக்கவில்லை. மேய்ச்சல் வழிகள், மீன்பிடித்த ஏரிகள், புல் வெட்டிய இடங்கள், யார் யாரைக் கேட்டு எங்கே போனார்கள் என்ற வழக்கம், எல்லாவற்றுக்கும் மேலாக இடப்பெயர்கள். இவற்றை முதியவர்களின் வாய்மொழியாகப் பதிந்து வைத்திருந்தார்கள்.


மறுமொழி
எழுதியவர்: கிளிநொச்சி முன்பள்ளி ஆசிரியை

மொழி பற்றி மட்டும் சிறிது சேர்க்கிறேன். எல்லாச் சாமி மக்களும் ஒரே மொழி பேசுவதில்லை. கௌட்டொகெயினோவில் பேசப்படும் வட சாமி மொழிக்கு இருபதாயிரத்தை ஒட்டிய பேச்சாளர்கள் இருக்கிறார்கள். எல்லைக்கு அப்பால் பின்லாந்தின் இனாரிச் சபையில் இனாரி சாமி என்ற தனி மொழி இருக்கிறது. அதைப் பேசுபவர்கள் சில நூறு பேர் மட்டுமே. பெரியவர்கள் மட்டும் பேசும் மொழியாக அது ஆகிவிட்டிருந்தபோது, 1997இல், நியூசிலாந்தின் மாவோரி மக்களிடம் கண்ட முறையைப் பின்பற்றி 'மொழிக் கூடு' என்ற முன்பள்ளியைத் தொடங்கினார்கள். உள்ளே வந்த பிள்ளையிடம் அந்த மொழியைத் தவிர வேறொன்றும் பேசுவதில்லை. அங்கே வளர்ந்த பிள்ளைகள் இன்று அந்த மொழியிலேயே வேலை செய்கிறார்கள். ஒரு முன்பள்ளியால் ஒரு மொழி மீண்டது என்பதை எங்கள் முன்பள்ளி ஆசிரியர்களின் கூட்டத்தில் நான் சொல்லாத ஆண்டில்லை. எங்கள் சம்பளம் எவ்வளவு என்று தெரிந்தவர்களுக்கு அதன் காரணமும் தெரியும்.


மறுமொழி
எழுதியவர்: முன்னாள் பின்மார்க் வாசி

சட்டம் படிக்கும் தம்பி இடப்பெயர்களைப் பற்றி எழுதியதற்கு ஒரு சான்று. சாமிப் பெயர்களில் மலை, ஏரி என்பதோடு நின்றுவிடாமல், குட்டி ஈனும் சரிவு, மான்களை ஓய்வெடுக்க விடும் மேடு, பனி முதலில் உருகும் பக்கம் என்று பயன்பாடே பெயராக இருக்கும். வெளியாருக்கு அது வரைபடம். அவர்களுக்கு அது வேலை செய்யும் முறை. வீதிகளில் சாமிப் பெயர்ப்பலகைகள் வைத்த காலத்தில் சிலர் அவற்றைத் துப்பாக்கியால் சுட்டார்கள். துளை விழுந்த பலகையொன்றை நானே பார்த்திருக்கிறேன். ஒரு பெயர் என்ன செய்யக்கூடியது என்பது சுட்டவருக்கும் விளங்கியிருக்கிறது.

இன்னொன்று. மேட்டுநிலத்தில் ஆங்காங்கே 'சியெய்டி' என்று சொல்லப்படும் கல்கள் உண்டு. பழங்காலத்தில் மேய்ப்பர்களும் மீன்பிடிப்பவர்களும் அவற்றின் அடியில் மான்கொம்பும் மீன்கொழுப்பும் படைத்துவிட்டுப் போவார்களாம். கிறித்தவம் வந்த பிறகும் கல்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நமது காடுகளில் தேன் எடுக்கப் போகும் முன் ஐயனாருக்குக் குழை முறித்துப் போடும் மரத்தடிகள் எங்கெங்கே இருந்தன என்று எவராவது குறித்து வைத்திருக்கிறார்களா?


மறுமொழி
எழுதியவர்: நெடுங்கேணி ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. ஆணைக்குழு ஒன்று நம் ஊருக்கு எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் வந்தால் கையில் கொடுப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும் என்று இந்த மறுமொழிகளை வாசித்த பிறகு தீர்மானித்துவிட்டேன். தரம் ஒன்பது, பத்துப் பிள்ளைகள் 11 பேரையும் கொண்டு, ஊருக்கு மேற்கே உள்ள வெளிகள், மோட்டைகள், மாடு நீர் குடித்த துரவுகள், குழை போட்ட மரங்கள் ஆகியவற்றின் பெயர்களையும் அவற்றை யார் எந்த மாதத்தில் பயன்படுத்தினார்கள் என்பதையும் ஒரு கொப்பியில் எழுதப் போகிறோம். கைத்தொலைபேசியால் இடத்தின் ஆள்கூறுகளையும் குறித்துக்கொள்வோம். புவியியற் செயற்றிட்டமாக இதைச் செய்ய அதிபரும் சம்மதித்திருக்கிறார்.

பட்டிக்கார ஐயா, ஒலுமடு எங்களுக்குத் தூரமில்லை. நீங்கள் ஒரு நாள் எங்களோடு நடந்து வந்து காட்டுவீர்களா? உங்கள் குறியையும் பிள்ளைகளின் கொப்பியில் கீறித் தர வேண்டும்.


மறுமொழி
எழுதியவர்: பட்டிக்காரர்

வருவேன் பிள்ளை. மாசி கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது காட்டுக்குள் சேறு காய்ந்திருக்கும், மோட்டைகளில் தண்ணீரும் கொஞ்சம் நிற்கும், எது எதன் வாய்க்கால் என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம். விடிய ஆறு மணிக்கே புறப்பட வேண்டும். எல்லைக்கல் நாட்டிய வெளிக்கு எங்கள் அப்பு சொன்ன பெயர் ஒன்று, என் மாமன்மார் சொன்ன பெயர் வேறொன்று. இரண்டையும் எழுதுங்கள். மாமன் வழியில் உயிரோடு இருப்பது இப்போது ஒரு மாமி மட்டும், வயது எண்பத்தாறு. அவரிடம் நான் இந்தக் கிழமையே போய்க் கேட்டு வைக்கிறேன்.